மாடல்களுக்கு நடுவே உண்மையில் என்ன மாறியது? மென்பொருள் மாடல்களை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

மென்பொருளின் கட்டமைப்பைக் காட்டும் ஒரு கிளாஸ் டயகிராமில் ஒரு பெயரை மாற்றினேன், ஒரு பண்பை நீக்கினேன், சேமித்து கமிட் செய்தேன். ஐந்து நிமிட வேலை. ரிவ்யூ செய்ய உட்கார்ந்தவர் கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, முழு மாடலையும் திரும்ப எழுதிட்டீங்களா?" திரையில் பக்கம் பக்கமாக சிவப்பும் (நீங்கிய வரிகள்) பச்சையும் (சேர்ந்த வரிகள்). டூல் கோப்பைச் சேமிக்கும்போது உறுப்புகளின் வரிசையையும் ஐடிகளையும் தன்னிஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தது. நான் செய்த இரண்டு மாற்றங்கள் அந்தக் குவியலுக்குள் எங்கோ இருந்தன. கடைசியில் அவர் படிக்காமலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார். மாடல்களை வைத்து வேலை செய்யும் பல குழுக்களில் இது சகஜம்.

இந்த நிலைக்குப் போகாமல் இரண்டு மாடல்களை ஒழுங்காக ஒப்பிடுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மென்பொருளை வரைபடமாக விவரிக்கும் யூஎம்எல் மொழியில் எழுதிய ஒரு மாடலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். எக்லிப்ஸின் மாடலிங் கட்டமைப்பான இஎம்எஃப்பின் மாடல், பிளாக்குகளால் அமைப்புகளை வரையும் சிமுலிங்க் கருவியின் மாடல், நீங்களே உருவாக்கிய டிஎஸ்எல் (ஒரு துறைக்கென்றே அமைத்த மொழி) எதுவானாலும் அடிப்படை இதேதான்.

சாதாரண டிஃப் ஏன் போதாது

இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் யூனிக்ஸின் டிஃப் நிரல் 1974-ல் வந்தது. கோப்புகளின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் இன்று இயல்பாகப் பயன்படுத்துவது யூஜின் மையர்ஸ் 1986-ல் வெளியிட்ட அல்காரிதத்தை. இரண்டுமே கோப்பை வரிகளின் தொடராகப் பார்க்கின்றன. முன் வரி, பின் வரி என்ற வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது என்று நம்பித்தான் வேலை செய்கின்றன. நிரலுக்கு அது சரி.

மாடல் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு வலைப்பின்னல். கிளாஸுக்குள் பண்புகள், கிளாஸிலிருந்து கிளாஸுக்குத் தொடர்புகள். மாடலைச் சேமிக்கும் எக்ஸ்எம்ஐ கோப்பில் 'பேருந்து' முதலில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்பதால் மாடலின் பொருள் மாறுவதில்லை. வரி டிஃப்புக்கோ அது பெரிய மாற்றம். இதற்கு நேர்மாறாக, ஒரு ஐடியில் ஒரே ஒரு எழுத்து மாறினால் வரி டிஃப் 'ஒரு வரி' என்று அடக்கமாகச் சொல்லும். மாடலிலோ ஒரு தொடர்பு வேறு கிளாஸைப் போய்ப் பிடித்திருக்கும்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மாடல்

பேருந்து முன்பதிவு மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய பதிப்பு இது:

- பயணி: பெயர், கைபேசி எண், வயது
- பயணச்சீட்டு: எண், தேதி, கட்டணம்; 'ரத்து செய்' என்ற ஒரு செயல்பாடு
- பேருந்து: பதிவெண், இருக்கை எண்ணிக்கை
- தொடர்புகள்: பயணி – பயணச்சீட்டு, பயணச்சீட்டு – பேருந்து

எண்ணிப் பார்த்தால் 3 கிளாஸ், 8 பண்பு, 1 செயல்பாடு, 2 தொடர்பு. மொத்தம் 14 உறுப்புகள். அசல் யூஎம்எல்லில் ஒவ்வொரு தொடர்புக்கும் முனைகள் தனி உறுப்புகளாக வரும், எண்ணிக்கை கூடும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடுகிறேன்.

புதிய பதிப்பில் 'பயணி'யின் பெயர் 'வாடிக்கையாளர்' ஆகிவிட்டது. வயது போய், மின்னஞ்சல் வந்துவிட்டது. 'ரசீது' என்று ஒரு புதிய கிளாஸ். 'கட்டணம்' பயணச்சீட்டிலிருந்து அதற்குள் குடிபெயர்ந்திருக்கிறது. பயணச்சீட்டுக்கும் ரசீதுக்கும் ஒரு புதிய தொடர்பு. மொத்தம் 16 உறுப்புகள். பேருந்தின் இரண்டு பண்புகளும் இடம் மாறி எழுதப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

வேலை செய்தவரைக் கேட்டால் "ஆறு மாற்றம் செஞ்சேன்" என்பார்: ஒரு பெயர் மாற்றம், ஒரு நீக்கம், ஒரு இடமாற்றம், மூன்று சேர்க்கைகள். நம் ஒப்பீடும் அதே ஆறைச் சொல்ல வேண்டும்.

படி 1: எது மாற்றம், எது மாற்றமில்லை என்று முதலில் எழுதி வையுங்கள்

டூலைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. பண்புகளின் வரிசைக்குப் பொருள் உண்டா? கிளாஸின் பண்புகளுக்கு பெரும்பாலும் கிடையாது. செயல்பாட்டின் அளவுருக்களுக்கு நிச்சயம் உண்டு. பெட்டி திரையில் பத்து பிக்சல் நகர்ந்தது மாற்றமா? விளக்கக் குறிப்பில் ஒரு காற்புள்ளி கூடியது மாற்றமா?

சிமுலிங்க் ஒப்பீட்டுக் கருவியில் செயல்பாட்டைப் பாதிக்காத மாற்றங்களை மறைக்க ஒரு வடிகட்டியே இருக்கிறது. பிளாக்கை நகர்த்தியது போன்றவை அதில் அடங்கிவிடும். இஎம்எஃப் உலகில் படத்தின் இருப்பிடத் தகவலைப் பெரும்பாலும் மாடலிலிருந்து பிரித்துத் தனியாக வைப்பார்கள். உங்கள் டூல் இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து வைத்தால், ஒப்பிடுவதற்கு முன்பே அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். இந்தப் பட்டியல் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது, ஆனால் இது இல்லாமல் ஆரம்பித்தால் பின்னால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாக்குவாதம் நடக்கும்.

படி 2: எதற்கு எது ஜோடி

முக்கால்வாசி வேலை இங்கேதான். பழைய மாடலின் ஒவ்வொரு உறுப்பும் புதிய மாடலில் எந்த உறுப்பாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இது சரியாக அமைந்துவிட்டால் வேறுபாடுகளைப் பட்டியலிடுவது ஒரு லூப். இது தவறினால் அதற்குப் பின் வருவதெல்லாம் அழகாக அச்சடிக்கப்பட்ட பொய். மாடல் ஒப்பீட்டுக் கருவி ஒன்று சொதப்புகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது ஜோடிகளைத்தான்.

2009-ல் டிமிட்ரியோஸ் கொலோவோஸும் உடன் ஆய்வாளர்களும் ஜோடி சேர்க்கும் முறைகளை நான்காகப் பிரித்தார்கள். இன்றும் அந்தப் பிரிவு நன்றாகவே பொருந்துகிறது. ஒவ்வொன்றாக நம் பேருந்து மாடலில் போட்டுப் பார்ப்போம்.

முதல் முறை, ஐடி. ஒவ்வொரு உறுப்பும் பிறக்கும்போதே ஒரு நிரந்தர அடையாளம் பெற்றுவிடும். பெயர் மாறினாலும், வேறு கிளாஸுக்குப் போனாலும் அது மாறாது. எனவே ஐடி ஒன்றென்றால் உறுப்பும் ஒன்றே. வேகமானது, துல்லியமானது. நம் மாடலில் 13 ஜோடிகள் கிடைக்கும். பழையதில் 1, புதியதில் 3 தனியாக நிற்கும். அந்த 4 போக, ஜோடிகளுக்குள் ஒரு பெயர் மாற்றமும் ஒரு இடமாற்றமும் தெரியும். ஆக 6. அச்சு அசலான விடை.

ஆனால் அந்த ஐடிகள் உயிரோடு இருக்க வேண்டும். யாராவது மாடலை வேறு டூலில் இறக்குமதி செய்து ஏற்றுமதி செய்தால், பல டூல்கள் ஐடிகளைப் புதிதாக உருவாக்கிவிடும். அப்போது என்ன ஆகும்? பழைய 14-ம் நீக்கம், புதிய 16-ம் சேர்க்கை. 6 இருந்த இடத்தில் 30. நான் ஆரம்பத்தில் சொன்ன கதையின் மூலகாரணமும் இதுதான். இன்னொரு பொறியும் உண்டு: ஒரு கிளாஸை நகலெடுத்து ஒட்டும்போது சில டூல்கள் ஐடியையும் சேர்த்து நகலெடுக்கும். ஒரே மாடலில் இரட்டை ஐடி இருக்கிறதா என்று ஒப்பிடும் முன்பே சோதித்துவிடுங்கள்.

இரண்டாவது, அடையாளக் குறியை நாமே கட்டுவது. நிலையான ஐடிக்குப் பதில், 'கிளாஸின் பெயர் + பண்பின் பெயர்' என்று ஒரு முழுப்பெயரைச் செய்து, அதை வைத்து ஜோடி சேர்ப்பது. ஐடிகளை நம்ப முடியாத இடத்தில் இது பரவாயில்லை. ஆனால் பெயர் மாறினால் கதை முடிந்தது. 'பயணி' காணாமல் போகும்போது அதன் மூன்று பண்புகளும், பயணச்சீட்டுடனான தொடர்பும் கூடவே போய்விடும். கட்டணமும் கிளாஸ் மாறியதால் தொலைந்துவிடும். நம் மாடலில் 6 நீக்கம், 8 சேர்க்கை, மொத்தம் 14 வரும். 30-ஐவிட இது பரவாயில்லை, ஆனால் "பயணி கிளாஸை ஏன் தூக்கினீர்கள்?" என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒற்றுமையை அளப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு உறுப்புகளை எடுத்து, 0-லிருந்து 1 வரை ஒரு மதிப்பெண் போடுகிறோம். கிளாஸுக்கு மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்: பெயருக்கு 0.4 எடை, பண்புகளுக்கு 0.4, பக்கத்து கிளாஸ்களுக்கு 0.2. பண்புகளையும் பக்கத்து கிளாஸ்களையும் அளக்க ஒரு எளிய சூத்திரம் போதும்: பொதுவானவற்றின் எண்ணிக்கையை இரட்டித்து, இரு பக்கத்து மொத்தத்தால் வகுக்க வேண்டும்.

பயணியையும் வாடிக்கையாளரையும் அளப்போம். பெயரில் ஒற்றுமை 0. பண்புகளில் பெயர், கைபேசி எண் இரண்டும் பொது. ஒவ்வொரு பக்கமும் 3. எனவே 4/6, அதாவது 0.67. பக்கத்து கிளாஸ் இருவருக்கும் பயணச்சீட்டு மட்டும்தான், ஆக 1. எடைகளைப் பெருக்கிக் கூட்டினால் 0 + 0.27 + 0.2 = 0.47. பயணியையும் ரசீதையும் அளந்தால் வெறும் 0.2, அதுவும் பயணச்சீட்டு பொதுவாக இருப்பதால் மட்டுமே. ஆக வாடிக்கையாளர்தான் சரியான ஜோடி.

ஆனால் 0.47 போதுமா? 'இதற்கு மேல் இருந்தால்தான் ஜோடி' என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும். பலரும் யோசிக்காமல் 0.5 வைப்பார்கள்; இங்கே சரியான ஜோடி நழுவிப் போயிருக்கும். 0.15 வைத்தால் பயணி ரசீதாக மாறியது என்றும் கருவி சொல்லத் துணியும். வரம்பை உங்கள் சொந்த மாடல்களின் பழைய பதிப்புகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேறொருவர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் சொன்ன எடைகள் உட்பட.

இன்னொன்று. பயணச்சீட்டின் பழைய, புதிய வடிவங்களை அளந்தால் பெயருக்கு 0.4, பண்புகளுக்கு 0.32 கிடைக்கிறது, பக்கத்து கிளாஸ்களில் பேருந்து மட்டும் பொது என்பதால் 0.08 தான் கிடைக்கிறது. மொத்தம் 0.80. பயணியும் வாடிக்கையாளரும் ஒன்று என்று தெரிந்த பிறகு திரும்ப அளந்தால், பொதுவான பக்கத்து கிளாஸ்கள் இரண்டாகி, மதிப்பு 0.88-க்கு ஏறுகிறது. ஒரு ஜோடி உறுதியானதும் அதன் அக்கம்பக்கத்து ஜோடிகளும் வலுவாகின்றன. அதனால்தான் இந்த அளவீட்டை ஒரே சுற்றில் முடிக்காமல், மதிப்பெண்கள் அசையாமல் நிற்கும்வரை ஓட்டுவார்கள். 2002-ல் வெளியான 'சிமிலாரிட்டி ஃபிளடிங்' என்ற முறையின் அடிப்படையும் இதுவே.

கட்டணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலில் ஜோடியான கிளாஸ்களுக்குள்ளேயே பண்புகளைச் சேருங்கள். மிச்சம் நிற்பவற்றை மட்டும் கிளாஸ் எல்லை தாண்டித் தேடுங்கள். பழைய பக்கம் வயது, கட்டணம். புதிய பக்கம் மின்னஞ்சல், கட்டணம். பெயரும் தரவு வகையும் ஒத்துப்போவதால் கட்டணம் கட்டணத்தோடு சேரும். வயதும் மின்னஞ்சலும் சேரக்கூடாது: ஒன்று முழு எண், மற்றது சரம். வரம்பைத் தளர்த்தினால் 'வயது என்ற பண்பின் பெயர் மின்னஞ்சல் என்று மாறியது' என்ற அபத்தமும் அறிக்கையில் வரும். பார்த்திருக்கிறேன்.

தமிழில் பெயர் வைத்த மாடல்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெயர்களை ஒப்பிடும்போது யூனிகோட் குறியீடுகளாக நறுக்குகிறீர்களா, எழுத்துகளாக நறுக்குகிறீர்களா என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். 'பயணி'யையும் 'பயணச்சீட்டு'வையும் இரண்டிரண்டு குறியீடுகளாக நறுக்கினால் ஒற்றுமை 0.31, எழுத்துகளாக நறுக்கினால் 0.25. 'ணி' என்பது கணினிக்கு ண-வும் கொக்கியுமாக இரண்டு குறியீடு அல்லவா! அதைவிட மோசம், 'கொ' போன்ற எழுத்தை ஒரே துணைக்குறியாகவும் எழுதலாம், முன் கொம்பு, பின் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டுகள் வேறு. எனவே ஒப்பிடும் முன் எல்லாப் பெயர்களையும் ஒரே யூனிகோட் இயல்பாக்க வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5000 உறுப்புகள் உள்ள இரு மாடல்களில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் அளந்தால் 2.5 கோடி ஜோடிகள். இரண்டு வலைப்பின்னல்களின் மிகப்பெரிய பொதுப் பகுதியைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது என்பி-கடினமான கணக்கு, அதாவது மாடல் பெரிதானால் நேரம் கட்டுக்கடங்காமல் ஏறும் வகை. அந்தப் பக்கமே போக வேண்டாம். முதலில் துளிகூட மாறாத பகுதிகளை ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) வைத்துக் கழித்துவிடுங்கள். மிச்சத்தில் ஒரே வகை உறுப்புகளை மட்டும் அளந்து, அதிக மதிப்பெண் பெற்ற ஜோடியிலிருந்து இறங்கு வரிசையில் எடுத்துக்கொண்டே போனால் நடைமுறைக்குப் போதும்.

நான்காவது முறை, அந்த மாடல் மொழிக்கென்றே விதிகள் எழுதுவது. யூஎம்எல் மாடல்களுக்காக 2005-ல் வந்த யூஎம்எல்டிஃப் இந்த ரகம். எப்சிலான் என்ற மாடல் கருவிக் குடும்பத்தில் ஒப்பீட்டு விதிகளை எழுதவே தனி மொழி இருக்கிறது. உழைப்பு அதிகம், ஆண்டுக்கணக்கில் ஒரே மாடல் மொழியில் வாழப்போகிறீர்கள் என்றால் மட்டும் இறங்குங்கள்.

நடைமுறையில் என்ன செய்வது? கலந்து செய்யுங்கள். இஎம்எஃப் மாடல்களை ஒப்பிடும் இஎம்எஃப் கம்பேர் கருவி செய்வதும் அதுதான்: ஐடி இருந்தால் ஐடியை நம்பும், இல்லாவிட்டால் உள்ளடக்க ஒற்றுமையைப் பார்க்கும். ஐடியைக் கண்டுகொள்ளாதே என்றும் அதற்குச் சொல்லலாம். ஐடிகள் பாழான கோப்பு கையில் வந்தால் அந்த ஒரு அமைப்பை மாற்றுவதே உங்கள் மாலை நேரத்தைக் காப்பாற்றும்.

படி 3: வேறுபாடுகளைப் பட்டியலிடுவது

ஜோடி இல்லாத பழைய உறுப்பு நீக்கம். ஜோடி இல்லாத புதிய உறுப்பு சேர்க்கை. ஜோடிக்குள் மதிப்பு வேறானால் மாற்றம், தாங்கும் உறுப்பு வேறானால் இடமாற்றம். நான்கே வகை. படிப்பவருக்குக் காட்டும்போது மட்டும் கொஞ்சம் அக்கறை வேண்டும்: 'ரசீது சேர்க்கை', 'கட்டணம் இடமாற்றம்', 'தொடர்பு சேர்க்கை' என்று மூன்று இடத்தில் சிதறவிடாமல் ஒரே குழுவாகக் காட்டினால், "ஓ, கட்டணத்தைத் தனியா பிரிச்சிருக்காங்க" என்று அவருக்கு உடனே புரியும்.

படி 4: இருவர் ஒரே மாடலைத் தொட்டால்

இரண்டு மாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு 'இது சேர்க்கப்பட்டதா, அது நீக்கப்பட்டதா' என்று சொல்லவே முடியாது. ஒரு பக்கம் மின்னஞ்சல் இருக்கிறது, மறு பக்கம் இல்லை. யார் செய்தது? இருவருக்கும் பொதுவான மூதாதைப் பதிப்பு வேண்டும். அதோடு இரு பக்கத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டு, இரண்டு பட்டியல்களையும் எதிரெதிரே வையுங்கள்.

மோதல்கள் சில வகைகளுக்குள் அடங்கும். ஒரே உறுப்புக்கு இருவர் வெவ்வேறு பெயர் வைப்பது. ஒருவர் நீக்கியதை மற்றவர் திருத்துவது. ஒன்றையே இருவர் வெவ்வேறு இடத்துக்கு நகர்த்துவது. இவற்றைக் கருவி பிடித்துவிடும். பிடிக்காதது ஒன்று உண்டு. ஒருவர் 'விரைவுப் பேருந்து'வை 'குளிர்சாதனப் பேருந்து'வின் துணை கிளாஸாக்குகிறார். இன்னொருவர் தன் பிராஞ்சில் (தனிக் கிளையில்) அதைத் தலைகீழாகச் செய்கிறார். இருவரும் தொட்டது வெவ்வேறு கிளாஸை, எனவே மோதல் இல்லை என்று மெர்ஜ் (இரண்டையும் இணைப்பது) முடிந்துவிடும். முடிவில் இரண்டும் ஒன்றுக்கொன்று தாயும் மகளும்! மெர்ஜ் ஆனதும் மாடலின் செல்லுபடிச் சோதனையைக் கட்டாயம் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

படி 5: கிட்டை அடக்கி வையுங்கள்

எக்ஸ்எம்ஐ கோப்புகளைக் கிட் தானாக வரிவரியாக மெர்ஜ் செய்ய விடாதீர்கள். அது 'வெற்றி' என்று சொல்லும், கோப்பும் பிழையில்லாத எக்ஸ்எம்எல்லாகத் திறக்கும், உள்ளே தொடர்புகளோ, மாடலில் இல்லவே இல்லாத ஒரு கிளாஸைச் சுட்டிக்கொண்டிருக்கும். கிட்டின் அட்ரிப்யூட்ஸ் கோப்பில் மாடல் கோப்புகளுக்கு மெர்ஜை பைனரி என்று வைத்தால், இரு பக்கமும் மாறியிருக்கும்போது கிட் கை வைக்காமல் மோதல் என்று நிறுத்திவிடும். அதன் பிறகு மாடல் ஒப்பீட்டுக் கருவியில் திறந்து முடிவு செய்யலாம். சிமுலிங்கின் எஸ்எல்எக்ஸ் கோப்போ உள்ளே ஜிப் பொட்டலம். அதை வரிவரியாகப் பார்க்கும் பேச்சே இல்லை.

சின்னக் குழு, இருபது முப்பது கிளாஸ் என்றால் இவ்வளவு ஏற்பாடும் வேண்டாம் என்பதே என் கருத்து. பிளான்ட்யூஎம்எல் போல உரையாக மாடலை எழுதுங்கள். அங்கே பெயரே அடையாளம், வரிசையும் நீங்கள் எழுதியபடியே நிற்கும். சாதாரண டிஃப்பே படிக்கும்படி இருக்கும்.

படி 6: ஒப்பீட்டையே சோதிப்பது

ஒரு மாடலை அதனுடனேயே ஒப்பிடுங்கள். வேறுபாடு 0 வர வேண்டும். வராத கருவிகளும் இருக்கின்றன. அடுத்து, டூலில் திறந்து எதையும் தொடாமல் சேமித்து ஒப்பிடுங்கள், இதற்கும் 0. பிறகு நம் பேருந்து மாடல் போல மாற்றங்கள் தெரிந்த ஒரு ஜோடியைக் கொடுத்து, ஆறும் வருகிறதா, ஏழாவது ஏதாவது முளைக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடித்த வேறுபாடுகளைப் பழைய மாடலின் மேல் ஏற்றினால் புதிய மாடல் அப்படியே கிடைக்க வேண்டும்.

கடைசியாக இடதையும் வலதையும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சேர்க்கைகள் நீக்கங்களாகவும், நீக்கங்கள் சேர்க்கைகளாகவும் மாற வேண்டும், எண்ணிக்கை ஆறேதான். எண்ணிக்கை மாறினால், பெரும்பாலும் சம மதிப்பெண் பெற்ற ஜோடிகளில் எது முதலில் கண்ணில் பட்டதோ அதைக் கருவி எடுத்துக்கொள்கிறது என்று பொருள். பயணிக்கு ரசீதும் 0.2, பேருந்தும் 0.2 என்று பார்த்தால் இது எவ்வளவு எளிதாக நடக்கும் என்று தெரியும். சமமாக வந்தால் எதை எடுப்பது என்பதற்கு ஒரு நிலையான விதி, உதாரணமாக முழுப்பெயரின் அகரவரிசை, எழுதிவிட்டு இந்தச் சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள்.